கோபாலபுரத்து மைக்கும் போயஸ் தோட்டத்துக் கதவும்

தேர்தலில் நிற்கும் தலைவர் செய்தியாளர்களை அடிக்கடி சந்திப்பது ஆதாயமா, அவர்களை எட்டவே வைத்திருப்பது ஆதாயமா என்ற கேள்வியைச் சோதித்துப் பார்க்கத் தமிழ்நாட்டைப் போன்ற களம் எளிதில் அமையாது. 1989 முதல் 2016 வரை இங்கே எதிரெதிராக நின்ற இருவரில் கருணாநிதி கேள்விகளைத் தேடிப் போனவர். ஜெயலலிதா கேள்விகளுக்குக் கதவைச் சாத்தியவர். கோபாலபுரத்துக் கருணாநிதி வீடும் போயஸ் தோட்டத்து ஜெயலலிதா வீடும் சென்னையின் அடுத்தடுத்த பகுதிகளில், நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருந்தன. இருவரும் வென்றார்கள், இருவரும் தோற்றார்கள். இன்று களத்தில் இருப்பவர்களின் கணக்கு இன்னும் முடியாததால் அவர்களை ஒதுக்கிவிட்டு, பெரும்பாலும் முடிந்துபோன கணக்குகளைக் கொண்டே இந்த அலசலைச் செய்கிறேன்.

கருணாநிதிக்குப் பேட்டி என்பது தேர்தல் காலத்து ஏற்பாடு அல்ல, பழகிய தொழில். 1942-ல், பதினெட்டு வயதில், திருவாரூரில் துண்டறிக்கையாக ‘முரசொலி’யைத் தொடங்கியவர் அவர். எந்தச் சொல் தலைப்பாகும், எந்தச் சொல் கடைசிப் பத்தியில் புதையும் என்று செய்தி எழுதுபவரின் இடத்திலிருந்தே யோசிக்கத் தெரிந்தவர். தி.மு.க. தலைமையகமான அறிவாலயத்தில் மேசை மீது தொலைக்காட்சிகளின் மைக்குகள் குவிந்துகிடக்க, சங்கடமான கேள்வி வரும்போது கேட்டவரையே மறுகேள்வியால் மடக்கி, அறையில் சிரிப்பு எழுந்த அந்த இடைவெளியில் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவது அவருக்குக் கைவந்த கலை. மறுநாள் பத்திரிகையில் அந்தச் சிலேடைதான் பெட்டிச் செய்தியாக வரும். தவிர்க்கப்பட்ட கேள்வி வராது.

அடிக்கடி பேசுவதன் உண்மையான ஆதாயம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. வாக்காளரிடம் அடிக்கடி முகம் காட்டுவதைக்கூட நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். நாள்தோறும் பத்துப் பதில் சொல்பவரின் எந்த ஒரு பதிலுக்கும் பெரிய எடை சேர்வதில்லை. திங்கட்கிழமை சொன்ன தவறான சொல்லைப் புதன்கிழமையின் சொல் மூடிவிடுகிறது. நிருபர்களுக்கும் அவர் பேசுவது அதிசயமாக இருப்பதில்லை என்பதால், ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் விவாதம் நடத்தும் பசி அவர்களுக்கு எழுவதில்லை.

ஆனால் இந்தப் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு, அதைக் காட்டியதும் அவரே. 2009 ஏப்ரல் 27 அன்று இலங்கையில் போர்நிறுத்தம் கோரி அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் இருந்து, போர் நின்றுவிட்டதாகக் கூறி சில மணி நேரத்தில் முடித்துக்கொண்டார். அதன் பிறகும் தாக்குதல் தொடர்வதைப் பற்றிச் செய்தியாளர்கள் கேட்டபோது, ‘மழை விட்டும் தூவானம் விடவில்லை’ என்றார். பழக்கத்தில் வந்து விழுந்த பழமொழிதான்; வேறொரு நாளில், வேறொரு செய்திக்குப் பொருத்தமாகவும் இருந்திருக்கும். முள்ளிவாய்க்காலில் மக்கள் செத்துக்கொண்டிருந்த அந்த நாள்களில், கேள்வியைச் சொல்லால் தாண்டும் அந்தத் திறமையே அவருக்கு எதிரான சாட்சியாக மாறிவிட்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அடுத்த மாதம் வந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 27-ஐ அவருடைய கூட்டணி வென்றது. வாக்கு எண்ணிக்கையில் அந்தச் சொல்லுக்கு உடனடி விலை எதுவும் இல்லை. அவரைப் பற்றிய பேச்சு எழும் இடமெல்லாம் இன்றுவரை அது கூடவே வருகிறது.

இனி எதிர்த்தரப்பு. ஜெயலலிதாவின் மௌனம் பேசத் தெரியாதவரின் மௌனம் அல்ல. 1999-ல் சிமி கரேவாலின் நிகழ்ச்சியில் தாயைப் பற்றியும் இளமையைப் பற்றியும் மனம்விட்டுப் பேசி, ஓர் இந்திப் பாட்டையும் பாடிக்காட்டியவர் அவர். அதைப் பார்த்தவர்கள் அந்தச் சிரிப்பை மறந்திருக்க மாட்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. அணி தமிழ்நாட்டில் ஓர் இடம்கூட இல்லாமல் தோற்ற சில மாதங்களில், பி.பி.சி.க்காகக் கரண் தாப்பரிடம் அமர்ந்தவரும் அவரேதான். ஜோதிடம், அமைச்சர்கள் காலில் விழுவது என்று கேள்விகள் அடுக்கப்பட அடுக்கப்பட அவர் முகம் இறுகியது. தாப்பர் நன்றி சொல்லி முடித்தபோது, உங்களுடன் பேசியதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை என்று நேராகவே சொல்லி, ஒரு வணக்கத்துடன் எழுந்துகொண்டார். அவருடைய தொண்டர்கள் இன்றும் அந்தக் காணொளியைப் பெருமையோடு பகிர்கிறார்கள் என்பதையும், எதிர்த்தரப்பினரும் அதே காணொளியைத்தான் ஆணவத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு பேட்டியால் யார் மனமும் மாறவில்லை. அவரவர் கொண்டிருந்த எண்ணம் இன்னும் கெட்டியானது, அவ்வளவுதான்.

அரிதாகப் பேசுபவரின் சொல்லுக்கு விலை அதிகம் என்பதை அவர் நன்றாகவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். 2010 நவம்பரில், 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஆங்கிலத் தொலைக்காட்சி ஒன்றிடம் பேசினார். தி.மு.க.வைச் சேர்ந்த மத்திய அமைச்சர் ஆ.ராசாவைக் காங்கிரஸ் விலக்கினால் தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொள்ளுமோ என்று அஞ்ச வேண்டாம், அந்த 18 உறுப்பினர்களுக்கு ஈடாக நான் ஆதரவு திரட்டித் தருகிறேன் என்பது அவர் சொன்னதன் சாரம். டெல்லி முழுக்க அன்று அதுவே பேச்சு. சில நாள்களில் ராசா பதவி விலகியதற்கு அந்தப் பேட்டியே காரணம் என்று சொல்வது மிகையாகும், ஆனால் தி.மு.க.வின் பேரம் பேசும் வலிமையைச் சில நிமிடப் பேச்சால் ஆட்டிவைக்க முடிந்தது. அவர் வாரம் ஒரு முறை தொலைக்காட்சியில் தோன்றுபவராக இருந்திருந்தால் அதே வாக்கியம் அடியில் ஓடும் வரியாகவே கடந்து போயிருக்கும்.

இரண்டு முறைகளையும் தேர்தல் முடிவுகளோடு வைத்துப் பார்ப்போம். 1996-ல் கருணாநிதி, 2001-ல் ஜெயலலிதா, 2006-ல் கருணாநிதி, 2011-லும் 2016-லும் ஜெயலலிதா. இந்த இருபது ஆண்டுகளில் கருணாநிதி செய்தியாளர்களைச் சந்திப்பதைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை, ஜெயலலிதா கூட்டிக்கொள்ளவும் இல்லை. மாறாமல் இருந்த ஒன்றைக் காட்டி, மாறி மாறி வந்த முடிவை விளக்க முடியாது. 2006-ல் இரண்டு ரூபாய் அரிசியும் வண்ணத் தொலைக்காட்சியும், 2011-ல் மின்வெட்டும் அலைக்கற்றையும் கூட்டணிக் கணக்கும் செய்த வேலையைப் பேட்டிகளின் தலையில் கட்டுவது நியாயம் ஆகாது. 2016-ல் இரு அணிகளுக்கும் இடையே வாக்கு வேறுபாடு ஏறக்குறைய 1 சதவீதம்தான். அந்தத் தேர்தலில் 91 வயதுக் கருணாநிதி வேன் ஏறிப் பிரச்சாரம் செய்தார்; ஜெயலலிதா ஹெலிகாப்டரில் வந்திறங்கி எழுதிவைத்த உரையைப் படித்துவிட்டுப் பறந்தார்.

அப்படியானால் மௌனமே சிக்கனமான வழி என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது, ஏனென்றால் ஜெயலலிதாவிடம் இருந்தவை எல்லாரிடமும் இல்லை. இரட்டை இலை இருந்தது. 1999 முதல் ஜெயா டி.வி. இருந்தது, கேள்வி கேட்க யாரும் இல்லாமலே அவர் பேச்சு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தம் மௌனத்தைக் கட்சி முழுமைக்கும் சட்டமாக்கும் அதிகாரமும் இருந்தது. அவர் காலத்தில் அமைச்சர்கள் வாய் திறப்பது அபூர்வம். அந்தச் சட்டம் எவ்வளவு பாதுகாப்பாக இருந்தது என்பது அவர் மறைந்த சில மாதங்களில், 2017 ஏப்ரலில், நீர் ஆவியாவதைத் தடுக்க அமைச்சர் செல்லூர் ராஜு வைகை அணையில் கேமராக்கள் சூழத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டு, அவை காற்றில் கரை ஒதுங்கிய அன்றுதான் கட்சிக்காரர்களுக்கே புரிந்திருக்கும்.

இந்தச் சொத்துகள் இல்லாத புதுக் கட்சிக்காரருக்கு நிலைமை வேறு. விஜயகாந்த் 2005-ல் கட்சி தொடங்கியபோது அவருக்கென்று தொலைக்காட்சி இல்லை, கிளை தோறும் வேரோடிய அமைப்பும் இல்லை. இருந்தது மக்கள் அறிந்த முகமும், மனதில் பட்டதை அப்படியே சொல்லும் பேச்சும். 2006-ல் தனித்து நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கியதில் செய்தி ஊடகங்கள் அவருக்கு இலவசமாகத் தந்த இடத்துக்கும் பங்கு உண்டு. பின்னர் அதே ஊடகத்தோடு அவருக்கு மோதல் முற்றி, 2015 டிசம்பரில் செய்தியாளர்களின் கேள்விக்குப் பதிலாக ‘தூ’ என்று துப்பிய காட்சி நாடு முழுக்கச் சுற்றியது. 2016-ல் முதல்வர் வேட்பாளராக நின்ற அவர் உளுந்தூர்பேட்டையில் வைப்புத்தொகையை இழந்தார். கட்சியின் வாக்கு 2.4 சதவீதமாகச் சுருங்கியது. கூட்டணி முடிவில் காட்டிய தயக்கமே பெரிய காரணம் என்றாலும், துப்பிய அந்த ஒரு நொடி அவருடைய பத்தாண்டுப் பேச்சையும் விழுங்கிவிட்டது. அடிக்கடி பேசுபவரின் தவறு எளிதில் மறக்கப்படும் என்று மேலே சொன்னேன். அது சொல்லில் வரும் தவறுக்கு மட்டும் பொருந்தும். உடம்பில் வெளிப்படும் கோபத்துக்குப் பொருந்தாது.

மிகவும் ஆபத்தான வழி எது என்றால், இரண்டுக்கும் நடுவில் உள்ளது: பழக்கமில்லாமல் எப்போதாவது ஒரு முறை போய் உட்காருவது. ரஜினிகாந்த் அரசியலுக்கு வருவதாக 2017 டிசம்பர் 31 அன்று அறிவித்த மேடையிலேயே, ஒரு நிருபர் கொள்கை என்ன என்று கேட்டதும் தமக்குத் தலை சுற்றிவிட்டதாக வேடிக்கையாகச் சொன்னார். வேடிக்கை போய் அந்தச் சொல் மட்டும் மீம்களில் நிலைத்தது. 2018 மே 30 அன்று தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்தவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர், சென்னை விமான நிலையத்தில் செய்தியாளர்களிடம், எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்றார்; அடுத்த கேள்விகளுக்குக் குரலை உயர்த்தினார்; மறுநாள் வருத்தம் தெரிவித்தார். ஆறுதல் சொல்லப் போன பயணம் அந்தச் சில நிமிடங்களில் தலைகீழாகிவிட்டது. 2020 டிசம்பரில் உடல்நிலையைக் கூறி அவர் விலகிக்கொண்டதால், வாக்குப் பெட்டியில் இதற்கு என்ன விலை இருந்திருக்கும் என்பது கணக்கில் வராமலே போயிற்று.

டெல்லியில் இதே பாடத்தை ராகுல் காந்தி 2014 ஜனவரியில் படித்தார். ஆண்டுக்கணக்கில் நீண்ட தனிப்பேட்டியைத் தவிர்த்துவிட்டு அர்னாப் கோஸ்வாமியிடம் அமர்ந்தபோது அது பேட்டியாக இல்லாமல் தேர்வு எழுதும் கூடமாகிவிட்டது; எதைக் கேட்டாலும் தகவல் உரிமைச் சட்டத்துக்கும் பெண்கள் அதிகாரத்துக்கும் திரும்பிய பதில்கள் வாரக்கணக்கில் கேலிக்கு உள்ளாயின. மறுபுறம், 2007-ல் கரண் தாப்பரின் பேட்டியிலிருந்து சில நிமிடங்களில் எழுந்து போன நரேந்திர மோடி, அந்த ஆண்டு இறுதியில் குஜராத்தில் 182-ல் 117 இடங்களை வென்றார். கட்சி வலுவாக இருந்தால் பாதியில் நின்ற பேட்டியைக்கூடத் தாங்கும். அது தளர்ந்திருக்கும்போது முழுதாக முடிந்த பேட்டியும் சுமையாகிறது.

தொகுதி வேட்பாளரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சட்டமன்றத் தொகுதிக்குச் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய் என்றிருக்கும்போது, உள்ளூர் நிருபருக்குத் தரும் பேட்டிக்குச் செலவில்லை என்பது பெரிய வசதி. ஆனால் தமிழ்நாட்டு வாக்கு பெரும்பாலும் சின்னத்துக்கே விழுவதால், குடிநீர், பாலம், பேருந்து என்று தொகுதியை விட்டு நகராத பேட்டிதான் அவருக்கு உதவும். கூட்டணி பற்றி வாய் திறந்தால் தலைமையிடமிருந்து தொலைபேசி வரும். வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தொலைக்காட்சியில் தேர்தல் பிரச்சாரமாகும் எதையும் காட்டக் கூடாது என்ற விதியையும் மறக்கக் கூடாது. 2017 டிசம்பரில் குஜராத்தின் இரண்டாம் கட்ட வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் ஒளிபரப்பான பேட்டிக்காக ராகுலுக்குத் தேர்தல் ஆணையம் நோட்டீஸ் அனுப்பி, பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆக, கட்சியும் சின்னமும் சொந்த அலைவரிசையும் கொண்டவருக்கு அரிதான பேச்சு கட்டுப்படியாகும். அவை இல்லாதவருக்கு அடிக்கடி பேசுவதைத் தவிர வழியில்லை, ஆனால் அவர் தேர்தலுக்கு இரண்டு ஆண்டு முன்பே, யாரும் பெரிதாகக் கவனிக்காத காலத்திலேயே, தடுமாறிப் பழகிக்கொள்ள வேண்டும். எந்தக் கேள்விக்கும் அஞ்சாதவர் என்று பெயரெடுத்த கருணாநிதிகூட மைக்கை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. நிருபர்கள் கேட்டதற்கெல்லாம் வாயால் பதில் சொல்லிவிட்டு, முரசொலியில் கேள்வி–பதில் வடிவில் அறிக்கை எழுதுவதையும் அவர் வழக்கமாக வைத்திருந்தார். அங்கே கேள்விகளையும் அவரேதான் எழுதினார்.