‘மரைன்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள்

படகுக்குப் புது பேட்டரி வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் ஏமாந்த கதைதான். எப்படி ஏமாந்தேன் என்பதை முழுசாகச் சொன்னால்தான் உபயோகப்படும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என்னுடையது சின்ன ஃபைபர் படகு. பின்னால் பெட்ரோல் எஞ்சின், அதைக் கிளப்ப தனியாக ஒரு பேட்டரி. அப்புறம் சத்தமில்லாமல் மெதுவாகப் போவதற்கு முன்பக்கம் ஒரு மின் மோட்டார், விளக்குகள், ஜிபிஎஸ், படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப், இதற்கெல்லாம் சேர்த்து இரண்டாவதாக ஒரு பேட்டரி. அந்த இரண்டாவது பேட்டரிதான் பழசாகிப்போய் மாற்ற வேண்டியிருந்தது. கடைக்காரர் காட்டியதில் ‘மரைன் டீப் சைக்கிள்’ (படகுக்கானது, ஆழமாகக் காலி செய்து நிரப்பக்கூடியது) என்று பெரிதாக எழுதியிருந்தது, பக்கத்தில் நங்கூரம் படம், கீழே 850 என்று ஒரு எண், அதற்கும் கீழே 100. “நூறு ஏஎச் சார், எஞ்சினுக்கும் ஆகும் மோட்டாருக்கும் ஆகும், எல்லாரும் இதைத்தான் எடுக்கிறாங்க” என்றார். ஏஎச் என்றால் ஆம்பியர்-மணி, பேட்டரி எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்ற அளவு. மற்ற டீப் சைக்கிள் பேட்டரிகளின் விலையில் பாதிதான் இது. நானும் கூட வந்த மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றினோம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் பழைய பேட்டரியை இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, இது சுலபமாக வந்துவிட்டது.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் மோட்டார் சீக்கிரமே சோர்ந்துபோனது, காற்று எதிர்த்து அடிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் மாதக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம், கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது மோட்டார் நின்றது, விளக்கு மங்கியது, பம்பும் நின்றது. சரி, எஞ்சினைக் கிளப்பிப் போய்விடலாம் என்று சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. இரண்டு பேட்டரியையும் இணைக்கும் சுவிட்சை ‘இரண்டும்’ என்ற நிலையிலேயே நான் விட்டிருந்தேன், அதனால் செத்துக்கொண்டிருந்த பேட்டரி நல்ல பேட்டரியையும் சேர்த்து உறிஞ்சிவிட்டது. கயிற்றை இழுத்துக் கிளப்பும் வசதி அந்த எஞ்சினில் இல்லை. என் மகளும் அன்று கூட வந்திருந்தாள். அவள் டார்ச் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நானும் மச்சானும் மாறி மாறித் துடுப்புப் போட்டுக் கரைக்கு வர இரண்டரை மணி நேரம் ஆனது. அலை அதிகமாக இருந்திருந்தால், பம்ப் ஓடாத படகில் என்ன நடந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. அந்தக் கோபத்தில்தான் இந்த விஷயத்தை அடிவரை தோண்டிப் பார்த்தேன்.

முதலில் எடை போட்டேன். 17 கிலோ. உண்மையான 100 ஏஎச் ஈய ஆசிட் பேட்டரி 25 முதல் 30 கிலோ வரை இருக்கும். திறன் என்பது ஈயத்தில்தான் இருக்கிறது, ஈயம் குறைந்தால் திறனும் குறைந்தது என்றே அர்த்தம், ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பிறகு முழுசாக சார்ஜ் செய்து, ஒரு இரவு சும்மா விட்டு, காரின் ஹெட்லைட் பல்பு ஒன்றை அதில் மாட்டினேன். 60 வாட் பல்பு கிட்டத்தட்ட 5 ஆம்பியர் இழுக்கும். 100 ஏஎச் என்றால் அந்த பல்பு 20 மணி நேரம் எரிந்த பிறகுதான் வோல்டேஜ் 10.5-க்கு இறங்க வேண்டும். என்னுடையது 7 மணி நேரத்தில் இறங்கிவிட்டது, அதாவது 35 ஏஎச். மூன்று மாத உபயோகத்தில் தேய்ந்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன், அப்போதும் இது 100 ஆக இருந்திருக்க வழியே இல்லை.

அப்புறம் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். கீழே இன்னொரு ஸ்டிக்கர். கார் ஸ்டார்ட் செய்யும் பேட்டரி, 65 ஏஎச்.

கார் பேட்டரி ஏன் இந்த வேலைக்கு ஆகாது என்பதைப் பலரும் சரியாகச் சொல்வதில்லை, எனக்கும் அதுவரை தெரியாது. எஞ்சினைக் கிளப்ப இரண்டு மூன்று வினாடிக்குச் சில நூறு ஆம்பியர் வேண்டும். அதற்காக உள்ளே மெல்லிய தட்டுகளை நிறைய அடுக்கியிருப்பார்கள், பரப்பளவு கூடுதல், ஒரே மூச்சில் கொட்டிவிடும். மொத்த சார்ஜில் அது துளிதான், எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அதோடு சுற்றி மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் அதைத் திரும்ப நிரப்பிவிடும். மோட்டாரும் விளக்கும் கேட்பது வேறு மாதிரி: கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கணக்கில், பாதிக்கு மேல் காலியாகும் வரை. அப்படிக் காலி செய்து காலி செய்து நிரப்பினால் மெல்லிய தட்டின் மேலிருக்கும் பூச்சு உதிர்ந்து அடியில் வண்டலாகச் சேர்கிறது. டீப் சைக்கிள் பேட்டரியில் தட்டுகள் குறைவு, ஆனால் தடிமன், அதனால் தாங்குகிறது. ‘இரண்டுக்கும் ஆகும்’ என்று விற்கப்படுபவை நடுத்தரம். அவற்றில் நல்லவையும் உண்டு, ஆனால் மின் மோட்டாரை நாளெல்லாம் ஓட்டுபவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இப்போது அந்த 850. அதுதான் பெரிய ஏமாற்று என்று நினைக்கிறேன், ஏனென்றால் பெரிய எண்ணைப் பார்த்ததும் பெரிய பேட்டரி என்று மனசு நம்பிவிடுகிறது. இப்படிப் போடும் எண் சிசிஏ அல்லது எம்சிஏவாக இருக்கும். சிசிஏ என்பது மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில், 30 வினாடி, வோல்டேஜ் 7.2-க்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்ற அளவு. எம்சிஏ என்பது அதே சோதனை, ஆனால் 0 டிகிரியில். குளிர் குறைவு என்பதால் ஒரே பேட்டரிக்கு எம்சிஏ எண் கூடுதலாக வரும், அதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். இரண்டுமே எஞ்சினைக் கிளப்பும் பலத்தைச் சொல்கின்றன, உங்கள் விளக்கு எத்தனை மணி நேரம் எரியும் என்று சொல்வதே இல்லை. அதற்கு ஏஎச் வேண்டும், ஏஎச்சிலும் எத்தனை மணி நேரக் கணக்கு, அதாவது எத்தனை மணி நேரத்தில் காலி செய்து அளந்தது என்று கேட்க வேண்டும். 20 மணி நேரக் கணக்குதான் வழக்கம். சோலாருக்கு விற்கும் சில பேட்டரிகளில் 100 மணி நேரக் கணக்கில் எழுதியிருப்பார்கள், மெதுவாக இழுத்தால் எந்த ஈய பேட்டரியும் கூடுதலாகத்தான் கொடுக்கும், அதனால் அந்த 100-உம் இந்த 100-உம் ஒன்றல்ல.

வேகமாக இழுத்தால் நேர்மாறு. 1897-லேயே பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் இதைக் கணக்காக எழுதி வைத்துவிட்டார். என் மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும், 100 ஏஎச் என்றால் இரண்டு மணி நேரம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். நல்ல ஈய பேட்டரியிலேயே அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வந்தால் உண்டு. ரிசர்வ் கெப்பாசிட்டி என்று நிமிடக் கணக்கில் எழுதியிருந்தால் அதைப் பாருங்கள், அது 25 ஆம்பியர் இழுக்கும்போது 10.5 வோல்ட் வரை எத்தனை நிமிடம் தாங்கும் என்ற அளவு, மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். 180 நிமிடம் என்றால் அந்த வேகத்தில் 75 ஏஎச்.

எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். “நீங்க ரொம்ப இறக்கிட்டீங்க சார், அதான் போச்சு, அதுக்கு வாரண்டி கிடையாது” என்றார். ஆழமாக இறக்குவதற்கென்றே பெயர் போட்டு விற்ற பேட்டரி. வாரண்டி அட்டையை அப்போதுதான் முழுசாகப் படித்தேன்: முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் புதுசாக மாற்றித் தருவார்கள், அதன் பிறகு ஓடிய மாதத்துக்குத் தகுந்தபடி கழிவு, அந்தக் கழிவும் அச்சடித்த முழு விலையில், நாம் வாங்கிய விலையில் இல்லை. மின் மோட்டாருக்கு உபயோகித்தால் எதுவும் கிடையாது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி. பணம் கொடுக்கும் முன் அட்டையைத் திருப்பிப் படியுங்கள், கடைக்காரர் காத்திருக்கட்டும்.

அங்கிருந்து வேறொரு கடைக்குப் போனால், அவர் லித்தியம் என்று ஒன்றைக் காட்டினார். 100 ஏஎச், கையில் தூக்கினால் 7 கிலோ. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி லேசாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் 100 ஏஎச் ஒன்று 10 முதல் 13 கிலோவாவது இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (அளவு மீறினால் பேட்டரியைத் துண்டித்துக் காக்கும் மின்னணுப் பலகை) தொடர்ந்து எத்தனை ஆம்பியர் விடும் என்று கேட்டேன், 50 என்றார். 50 ஆம்பியர் மோட்டாருக்கு 50 ஆம்பியர் பிஎம்எஸ் வைத்தால் எதிர்க்காற்றில் மோட்டார் திணறும் நேரத்தில் பட்டென்று துண்டித்துவிடும், அதுவும் சரியாக நமக்கு வேண்டிய நேரத்தில். எஞ்சினின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக சார்ஜ் செய்யலாமா என்றேன், தாராளமாக என்றார். அந்த ஒரு பதிலிலேயே வெளியே வந்துவிட்டேன். லித்தியம் கிடைக்கும் கரண்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும், சின்ன ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகிவிடும். நடுவில் பிஎம்எஸ் துண்டித்தால் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போகும். ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவில், கரண்டை அளவாக விடும் ஒரு டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். உறைபனிக் குளிரில் லித்தியத்தை சார்ஜ் செய்யவே கூடாது என்பதையும் அவர் சொல்லவில்லை.

லித்தியத்தை நான் குறை சொல்லவில்லை. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால்தான் நாள் தாங்கும், அதனால் 100 ஏஎச்சில் கையில் கிடைப்பது 50. லித்தியத்தில் 80, 90 வரை எடுக்கலாம், ஆயிரக்கணக்கான தடவை நிரப்பலாம். வாரம் முழுவதும் படகில் இருப்பவருக்கு அதுதான் கடைசியில் மலிவு. எடையைத் தாங்காத குறுகிய படகுக்கும் அதுவே சரி. மாதத்தில் மூன்று நான்கு முறை போகும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த விலை திரும்பி வராது.

நான் கடைசியில் வாங்கியது கோல்ஃப் வண்டிகளில் போடும் 6 வோல்ட் பேட்டரி இரண்டு. தொடராக இணைத்தால் 12 வோல்ட், 220 ஏஎச். ஒவ்வொன்றும் 28 கிலோ, நானே தராசில் வைத்துப் பார்த்தேன். இவை தினமும் காலியாகி நிரம்புவதற்கென்றே செய்தவை. தொந்தரவு உண்டு: மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் பெட்டிக்குக் காற்றுப் போக்கு வேண்டும், கவிழாமல் கட்டி வைக்க வேண்டும். கடல் தண்ணீர் உள்ளே போனால் குளோரின் வாயு கிளம்பும், அதனால் படகின் அடியில் தண்ணீர் சேரும் இடத்துக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறேன். இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து ஏஜிஎம் (மூடி வைத்த, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஈய பேட்டரி) வாங்கலாம், ஆனால் சார்ஜரில் ஏஜிஎம் என்ற நிலை இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும்போது கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 12 வோல்ட் கணக்கில் 12.7 பக்கத்தில் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12.4-க்குக் கீழே காட்டினால் அது கடையில் மாதக்கணக்கில் தூங்கிய பேட்டரி, தட்டில் சல்பேட் படிய ஆரம்பித்திருக்கும், வேறொன்று கேளுங்கள். தயாரித்த தேதிக் குறியீட்டை எப்படிப் படிப்பது என்று கேட்டு, பில்லில் 20 மணி நேரக் கணக்கில் எத்தனை ஏஎச் என்றும் ‘மின் மோட்டார் உபயோகத்துக்கு’ என்றும் எழுதி வாங்கினேன். முதலில் போன இரண்டு கடைகளில் எழுதித்தர மறுத்தார்கள், மூன்றாவது கடைக்காரர் யோசிக்காமல் எழுதித் தந்தார், அங்கேயே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் முழுசாக சார்ஜ் செய்து இரண்டு ஹெட்லைட் பல்பை மாட்டிப் பத்து மணி நேரம் எரியவிட்டேன், கழற்றி ஓர் இரவு விட்டுப் பார்த்தால் 12.2-க்குச் சற்று மேலே. சரியாகப் பாதிக்குப் பக்கம். புது பேட்டரி முழுத் திறனுக்கு வரச் சில தடவை நிரம்பிக் காலியாக வேண்டும் என்பதால் இது போதும். 10.5 வரை இறக்கிச் சோதிப்பது ஈய பேட்டரிக்கே கெடுதல், என்னைப் போல ஏற்கனவே செத்ததில் மட்டும் செய்யுங்கள். ஒயரை மாற்றும்போது டெர்மினலில் இருந்த சிறகு நட்டுகளை எடுத்துவிட்டு, ஸ்பேனரால் இறுக்கும் நட்டு போட்டேன், அலையில் குலுங்கிக் குலுங்கிச் சிறகு நட்டு தளர்ந்துவிடும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸும் வைத்தாயிற்று. இணைப்பு சுவிட்ச் இப்போது எப்போதும் தனித்தனி நிலையில்தான் இருக்கிறது, எஞ்சின் பேட்டரியை வேறு எதுவும் தொடாது.

பழைய கடைக்கு எடைச் சீட்டு, இரண்டு ஸ்டிக்கர்களின் படம், பில் எல்லாவற்றின் நகலோடு எழுத்துமூலம் புகார் கொடுத்துப் பதினெட்டு நாள் ஆகிறது. அந்தப் பேட்டரியைக் கேட்டார்கள், கொடுக்கவில்லை, ஆதாரம் அதுதான். பதில் வந்தால் கீழே சேர்க்கிறேன்.