தபாலில் நாவலைச் சுற்றுக்கு விடுவது: எந்த முறை தேறும்?

எட்டுப் பேர் சேர்ந்து ஒரு நாவலைத் தபால் வழியே படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் படிக்க நான்கு வாரம், அடுத்தவர் கைக்குப் போய்ச் சேர ஒரு வாரம். இந்தப் பேச்சை எடுத்தாலே எவ்வளவு செலவாகும், தொலைந்தால் என்ன செய்வது என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு. படித்ததைப் பற்றி யார் யாரோடு, எப்போது பேசப் போகிறார்கள்? படித்து மூடிவைக்க மட்டும் என்றால் நூலகம் போதும். வட்டம் கூட்டுவதே பேசத்தான். எல்லா முறைகளையும் அந்தக் கண்ணால்தான் இங்கே பார்க்கிறேன்.

எல்லோருக்கும் சட்டென்று தோன்றுவது ஒற்றைப் பிரதி முறை. உள்ளட்டையில் முகவரிப் பட்டியலை ஒட்டிவிட வேண்டியது. படித்தவர் தன் பெயரை அடித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புவார். ஆளுக்கு ஒரு முறைதான் தபால் செலவு. எட்டுப் பேருக்கு எட்டு அனுப்பல், எட்டாவது அனுப்பலில் புத்தகம் சொந்தக்காரரிடம் திரும்பிவிடும். படித்த புத்தகங்களைக் கைமாற்றிக்கொள்பவர்களுக்காக 2001-இல் தொடங்கிய புக்கிராஸிங் இணையதளத்தில் இதற்கே இரண்டு பெயர் உண்டு. கடைசியில் சொந்தக்காரரிடம் திரும்பினால் புக்ரிங், திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தால் புக்ரே. நாவல் திரும்பி வர வேண்டுமா வேண்டாமா என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் மனக்கசப்பு வராது.

செலவில் இதை அடிக்க வேறு முறை கிடையாது. சிக்கல் காலத்தில் இருக்கிறது. முதல் ஆள் நான்காவது வாரம் முடித்துவிடுவார், எட்டாவது ஆள் முப்பத்தொன்பதாவது வாரம் முடிப்பார். கதாநாயகி ஏன் அந்தக் கடிதத்தைக் கிழித்தாள் என்று எட்டாவது ஆள் கேட்கும்போது, முதல் ஆளுக்குக் கடிதம் என்று ஒன்று இருந்ததே மறந்திருக்கும். நடுவில் ஒருவர் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிவிட்டால் மொத்த வட்டமும் நிற்கும். யாரிடம் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் இன்னொரு மாதம் ஓடிவிடும்.

இதற்கு மருந்தாகச் சிலர் மையத்தில் ஒருவரை வைக்கிறார்கள். ஒவ்வொருவரும் படித்ததும் சொந்தக்காரருக்கே திருப்பி அனுப்ப வேண்டும், அவர் அடுத்தவருக்கு அனுப்புவார். பதினான்கு அனுப்பல்கள் ஆகும், போக்குவரத்தும் இரட்டிப்பு. அபூர்வமான பிரதி, அச்சில் இல்லாத பதிப்பு என்றால் சரி. ஒவ்வொரு முறையும் கிழிசல் இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று சொந்தக்காரர் பார்த்துக்கொள்ளலாம். மற்றபடி இது வாசகர் வட்டம் இல்லை, தபால் செலவை வாசகர் தலையில் கட்டும் வாடகை நூலகம்.

மூன்றாவது, என் ஓட்டு பெரும்பாலும் விழும் முறை: சுழற்சி. எட்டுப் பேரும் ஆளுக்கொரு நாவலைத் தேர்ந்தெடுத்து, கூடவே ஒரு மெல்லிய நோட்டுப் புத்தகத்தையும் வைத்து, ஒரே தேதியில் அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். அடுத்த தேதியில் வந்ததை எல்லோரும் நகர்த்துகிறார்கள். எட்டாவது நகர்த்தலில் அவரவர் புத்தகம் அவரவர் வீட்டுக்கு வந்துவிடும், நோட்டில் ஏழு பேர் எழுதியதோடு. மொத்தம் அறுபத்து நான்கு அனுப்பல்கள் என்று கேட்டதும் மலைப்பார்கள். ஆனால் வாசிப்பும் அறுபத்து நான்கு. ஒரு வாசிப்புக்கு ஒரு அனுப்பல் என்ற கணக்கு ஒற்றைப் பிரதி முறையிலும் அதேதான். ஆளுக்கு எட்டு முறை செலவழித்து எட்டு நாவல் படிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்தது வரிசையின் நியாயம். ஒற்றைப் பிரதியில் முதலில் படிப்பவர் வெற்று நோட்டில் எழுதுகிறார், தனக்குத் தானே பேசுகிற மாதிரி. கடைசியில் படிப்பவருக்கு ஏழு பேரின் சண்டையும் சேர்த்துக் கிடைக்கிறது. முதல் இடம் எப்போதும் நஷ்டம்தான். சுழற்சியில் உங்கள் நாவலுக்கு நீங்கள் முதல் ஆள், உங்களுக்கு முன்னால் இருப்பவரின் நாவலுக்கு இரண்டாவது ஆள், இப்படியே போய் உங்களுக்கு அடுத்திருப்பவரின் நாவலுக்குக் கடைசி ஆள். எல்லா இடத்திலும் ஒரு முறை உட்கார்ந்துவிடுகிறீர்கள்.

ஒரு ஓட்டை இதிலும் உண்டு, பலர் ஒரு சுற்று முடிந்த பிறகுதான் கவனிப்பார்கள். வரிசை மாறாததால் முன்னால் இருப்பவர் எழுதியதை எட்டு நோட்டிலும் படித்துவிடுவீர்கள். அடுத்திருப்பவர் எழுதியதை இரண்டே நோட்டில்தான் பார்ப்பீர்கள்: அவருடைய நாவலோடு வரும் நோட்டில், அப்புறம் வீடு திரும்பிய உங்கள் சொந்த நோட்டில். நீங்கள் எழுதியதற்கெல்லாம் சுடச்சுடப் பதில் சொல்பவர் அவர்தான், அந்தப் பதில்களில் முக்கால்வாசி உங்கள் கண்ணிலேயே படாது. சுற்று முடிந்ததும் நோட்டுகளை மட்டும் இன்னொரு முறை, ஆளுக்கு ஒரு வாரம் என்று வேகமாக ஓடவிட்டால் இது சரியாகும். மெலிந்த நோட்டுக்குத் தபால் செலவும் குறைவு. அடுத்த சுற்றுக்கு வரிசையைச் சீட்டுக் குலுக்கி மாற்றுவது அதைவிட எளிது. முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள்.

எட்டு நாவல் வேண்டாம், ஒரே நாவல்தான், ஆனால் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அதற்குள் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ஒரு முரட்டு வழி இருக்கிறது. புத்தகத்தைப் பிரிப்பது. முதுகைக் கத்தியால் அறுத்து, அத்தியாயம் முடிகிற இடமாகப் பார்த்து நான்கு பாகமாக்கி, ஒவ்வொன்றுக்கும் தடித்த தாளில் அட்டை போட்டுத் தைத்துவிட வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வாரம், படித்த பாகம் உடனே கிளம்பும். நீங்கள் மூன்றாம் பாகத்தைத் தொடங்கும்போது அடுத்தவர் முதல் பாகத்தைப் பிரித்திருப்பார். எட்டாவது ஆள் பதினெட்டாவது வாரத்திலேயே முடித்துவிடுவார். முப்பத்தொன்பது எங்கே, பதினெட்டு எங்கே! அனுப்பல்கள் முப்பத்திரண்டாக ஏறும், ஆனால் ஒவ்வொன்றும் கால்வாசி எடைதான். ஒவ்வொரு பாகமும் தொடர்கதை நிற்கிற மாதிரி நின்று, அடுத்தது எப்போது வரும் என்று தபால்காரரை எதிர்பார்க்க வைக்கும் சுகம் தனி.

புத்தகத்தை அறுப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நானும் பழைய பதிப்பை அறுக்கச் சொல்ல மாட்டேன். பசை விட்டு ஏடு ஏடாக வரும் மலிவுப் பதிப்பு என்றால் அது ஏற்கனவே பாதி பிரிந்ததுதான். பிரெய்ல் வாசகர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. பிரெய்லில் ஒரு நாவல் இயல்பாகவே பல தொகுதிகளாகத்தான் வரும், தொகுதி தொகுதியாக நகர்த்துவது அங்கே கைவந்த முறை. சர்வதேச அஞ்சல் ஒன்றிய விதிகளின்படி பார்வையற்றோருக்கான அஞ்சல்களுக்கு 7 கிலோ வரை, விமானக் கூடுதல் கட்டணம் தவிர, அஞ்சல் கட்டணமும் இல்லை.

அறுக்க மனம் வராவிட்டால் இரண்டு பிரதி. ஒன்று முதல் ஆளிடமிருந்து மேலிருந்து கீழாக, இன்னொன்று எட்டாவது ஆளிடமிருந்து கீழிருந்து மேலாக. நான்காவது, ஐந்தாவது ஆட்கள் ஒரே சமயத்தில் படித்து முடிப்பார்கள், பத்தொன்பது வாரத்தில் வேலை முடிந்தது. அங்கே நோட்டுகளை மாற்றிக்கொள்வார்கள். ஒரே நாவலைப் பற்றி இரண்டு கட்சிகள் ஒன்றையொன்று பார்க்காமல் எழுதியிருக்கும். அந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பது எனக்கு இந்த முறைகளிலேயே சுவாரசியமான கட்டம். ஒரு பக்கத்தார் அயோக்கியன் என்று தீர்த்துக்கட்டிய பாத்திரத்தை மறுபக்கத்தார் பாவம் என்று எழுதியிருப்பார்கள். யாரும் யாரையும் பார்த்து எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொண்டு கடிதம் மட்டும் எழுதுவது பேச்சுக்கு மிக நல்லது, எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே அத்தியாயத்தில் இருக்கலாம். ஆனால் பகிர்வது என்று அதைச் சொல்ல முடியாது. ஒருவர் பென்சிலில் கோடிட்ட வரியை இன்னொருவர் பார்த்து, இதற்கா கோடு என்று ஓரத்தில் கேட்பது அங்கே நடக்காது. மின்னூலை எல்லோருக்கும் அனுப்பிவிடலாமே என்பவர்களுக்கு: காசு கொடுத்து வாங்கிய அச்சுப் பிரதியைக் கைமாற்றுவதற்கும், ஒரு கோப்பை எட்டாகப் பெருக்குவதற்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. ஒரு நாவலைத் தான் சொன்ன விலைக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று பதிப்பாளர் உள்ளே அச்சிட்டிருந்ததை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இல் ஏற்கவில்லை. ஒரு முறை விற்ற பிரதிமீது பதிப்புரிமையைக் காட்டி அப்படிப் பிடி வைக்க முடியாது என்றது. நகல் எடுக்கும் உரிமையோ பதிப்புரிமைக்காரரிடமே இருக்கிறது. மின்னூலில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் படிக்கும் உரிமம் மட்டுமே.

எந்த முறையானாலும் இரண்டு விஷயங்கள் அதை ஓட்டும் அல்லது கவிழ்க்கும். முதலாவது தேதி. படித்து முடித்ததும் அனுப்பு என்ற விதி வேலைக்கு ஆகாது, முடிக்காதவர் வெட்கப்பட்டு மறைப்பார், புத்தகம் அங்கேயே உட்காரும். முடித்தாலும் முடிக்காவிட்டாலும் தேதி வந்தால் அனுப்பு என்பதே நிற்கிற விதி. பாதியில் விட்டவர் நோட்டில் எந்தப் பக்கத்தில் ஏன் நின்றேன் என்று நாலு வரி எழுதட்டும். நூற்றுப் பத்தாம் பக்கத்தில் மூன்று பேர் நின்றிருந்தால், நாவலாசிரியர் அங்கே என்னவோ செய்திருக்கிறார் என்று அர்த்தம். சுழற்சியில் ஒருவர் தேதியைத் தவறவிட்டால் அவர் வீட்டில் இரண்டு புத்தகம், அடுத்தவர் வீட்டில் ஒன்றுமில்லை. யாரிடம் அடைப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது நோட்டு. புத்தக ஓரத்தில் எழுதுவதா, தனி நோட்டில் எழுதுவதா? ஓரக்குறிப்பு சூடாக இருக்கும், ஆனால் அடுத்தவரின் முதல் வாசிப்பைக் கெடுத்துவிடும். கொலைகாரன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போதும், துப்பறியும் நாவல் செத்துவிடும். அதனால் ஓரத்தில் பென்சில் கோடு மட்டும், கருத்தெல்லாம் நோட்டில், நோட்டைப் பிரிப்பது நாவலை முடித்த பிறகு என்று வைத்துக்கொள்ளலாம். பின்னால் வரும் திருப்பத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டுமானால் அந்தப் பக்கத்தை உள்பக்கமாக மடித்து, வெளியே எந்த அத்தியாயத்துக்குப் பிறகு பிரிக்கலாம் என்று எழுதிவிடுங்கள்.

நோட்டைப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டும்முன் கட்டண விதியைப் பாருங்கள். அச்சிட்ட புத்தகத்துக்கான சலுகைக் கட்டணம் பல நாடுகளில் உள்ளே சொந்தக் கடிதம் இருந்தால் செல்லாது. கைப்பட எழுதிய நோட்டும் அந்தக் கணக்கில்தான் வரும். சலுகை வேண்டுமானால் புத்தகம் தனியாக, நோட்டு சாதாரணக் கடிதமாகத் தனியாகப் போகட்டும். இதில் ஒரு லாபமும் இருக்கிறது: ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று மிஞ்சும்.

தொலைவதைப் பற்றி முதலில் கேட்டவர்களுக்கு இப்போது பதில். நாவல் தொலைந்தால் இன்னொரு பிரதி வாங்கலாம், செலவை யார் ஏற்பது என்று முன்கூட்டியே பேசிவைத்தால் போதும். நோட்டுக்கு இன்னொரு பிரதி கிடையாது. ஒவ்வொருவரும் அனுப்பும்முன் தன் பக்கங்களை மட்டுமாவது படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். கட்டும்போது முதலில் நனையாத உறை, அதற்கு மேல் புத்தகத்தைவிட ஒரு விரல் அகலம் கூடுதலான அட்டை. அடிபடுவது எப்போதும் மூலைதான், அட்டை துருத்திக்கொண்டிருந்தால் அடி அதில் படும். அடுத்தவர் முகவரியை உள்ளேயும் ஒரு தாளில் எழுதிப் போடுங்கள். மேல்சீட்டு உரிந்துபோனால் அஞ்சலகத்தார் பிரித்துப் பார்ப்பது அதைத்தான்.

நான்கைந்து பேர் என்றால் ஒற்றைப் பிரதியே தாராளம், கடைசி ஆள் படிக்கும்போதும் முதல் ஆளுக்குக் கதை நினைவிருக்கும். ஆறு பேரைத் தாண்டினால் சுழற்சி. பன்னிரண்டு பேர் வந்து நின்றால் இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுங்கள், ஓராண்டுக்கு மேல் இழுக்கும் சுற்றில் நடுவழியில் யாராவது முகவரி மாறிப் போயிருப்பார்.