மேற்பரப்பு ஆய்வகத்திற்கு வாங்கிய எக்ஸ்பிஎஸ் கருவி: ஒரு மதிப்புரை

பாலிமர் பூச்சுக்கும் உலோக ஆக்சைடுக்கும் இடையிலான பிணைப்பை ஆராய எங்கள் பல்கலைக்கழகத்தில் அமைத்த ஆய்வகத்தின் முதல் பெருங்கருவி, அலுமினிய எக்ஸ்-கதிர் மூலம் கொண்ட ஒளிமின் நிறமாலைமானி (எக்ஸ்பிஎஸ்). 1486.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கதிர் பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களை அளந்து, மேற்பரப்பிலிருந்து சுமார் 10 நானோமீட்டர் ஆழத்திற்குள் எந்தத் தனிமம் எந்த வேதிநிலையில் உள்ளது என்பதை அது காட்டும். இம்முறையை வளர்த்தெடுத்த கை சீக்பானுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

முதலில் பாராட்ட வேண்டியது நிறுவும் பணியை. டார் என்ற அழுத்த அலகில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே உள்ள வெற்றிடத்திலும், மோதும் மூலக்கூறுகள் அனைத்தும் ஒட்டிக்கொண்டால், தூய பரப்பின்மேல் ஏறத்தாழ ஒரு நொடியில் ஓரடுக்கு படிந்துவிடும் என்பதால், வெற்றிடம் சரியில்லாத கருவியில் அளப்பது மாதிரியை அன்று, அதன்மேல் படிந்த அழுக்கைத்தான். வந்த பொறியாளர்கள் ஒவ்வொரு இணைப்பிலும் ஹீலியம் பீய்ச்சிக் கசிவு பார்த்தார்கள். கலனை நாள்கணக்கில் சூடேற்றி, சுவர்களில் ஒட்டியிருந்த நீராவியை வெளியேற்றினார்கள். அவசரப்படாத அந்த உழைப்பு கருவியின் விலைக்கு ஈடானது.

நிறமாலையில் நெருங்கிய முகடுகளைப் பிரித்தறியும் திறனைப் பற்றி விளம்பரக் கையேடு சொல்வது உண்மையே. ஆனால் அந்த எண் வெள்ளியில் அளந்தது; வெள்ளி மின்கடத்தி. எங்கள் மாதிரிகளோ மின்காப்பிகள். எலக்ட்ரான்கள் வெளியேற வெளியேற அவற்றின் பரப்பில் நேர்மின்னேற்றம் சேர்ந்து நிறமாலையை இடம்பெயரச் செய்கிறது. இதை ஈடுசெய்யக் குறைந்த ஆற்றலுள்ள எலக்ட்ரான்களைத் தூவும் அமைப்பு, தட்டையான பெட் (பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) படலத்தில் அருமையாக வேலை செய்தது. 289 எலக்ட்ரான் வோல்ட் அருகே எஸ்டர் கார்பனின் முகடு தனித்து, கூர்மையாக நின்றது. நிறமித் துகள்கள் கலந்த கரடுமுரடான பூச்சிலோ மின்னேற்றம் இடத்துக்கு இடம் வேறுபட்டு முகடுகள் அகன்றுவிட்டன. இயற்பியல் விதித்த இடர்தான் இது. ஆயினும் இத்தகைய மாதிரிகளுக்கான வழிகாட்டுதல் கையேட்டில் ஒரு பக்கம்கூட இல்லாதது பெருங்குறை.

மாதிரியைக் கருவிக்குள் செலுத்தும் நுழைவறையின் வெற்றிட பம்பும் சிறியது. வாயு கக்கும் பாலிமர்களை இரவு முழுவதும் காத்திருந்தே உள்ளே அனுப்ப முடிகிறது.

உலோகங்களையும் மெல்லிய ஆக்சைடுப் படலங்களையும் ஆராய்வோர் தயங்காமல் வாங்கலாம். பூச்சுகளையும் கூட்டுப்பொருள்களையும் ஆராய்வோர், மாதிரிகளை முன்கூட்டியே வெற்றிடத்தில் வைத்திருக்கத் தனி அறை ஒன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கருவியை ஏற்பதற்கான சோதனையில் வெள்ளியோடு பெட் படலத்தையும் தங்கள் சொந்த மாதிரி ஒன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்து, அவற்றின் முடிவைப் பார்த்த பிறகே கடைசித் தவணையைச் செலுத்த வேண்டும்.