மீட்டர்ல 000 காட்டுனா நம்பிடாதீங்க: கடல்மீன் தொட்டிக்கு ஆர்ஓ-டிஐ வாங்குறவங்களுக்கு

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் கடல்மீன் தொட்டி வைக்கணும்னு ஆசைப்படுறவங்க இதை ஒருதடவ முழுசாப் படிச்சிருங்க. ஆர்ஓ-டிஐங்கிறது தொட்டிக்கு ஊத்துற தண்ணியைச் சுத்தம் பண்ற மெஷின். நாலு மாசமா நான் பட்ட பாடு இன்னொருத்தர் படக்கூடாது. கடை பேரு இப்ப சொல்லல. புகார் குடுத்திருக்கேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

எங்க வீடு திருப்பூர்ல. பவர் டேபிள் (தையல் மெஷின்) போட்டு ஜாப் ஒர்க் பண்றேன். நன்னீர் மீன் பத்து வருசமா வளர்க்கிறேன். பவளத்தொட்டி ஒண்ணு பெருசா வைக்கணுங்கிறது ரொம்ப நாள் ஆசை. ஆறடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரத்துக்கு 12 எம்எம் கண்ணாடியில தொட்டி செஞ்சு தையில வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தண்ணியே 650 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கல்லு, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தா ஒரு டன்னுக்கு மேல போயிரும்னு மாடியில வைக்காம கீழ்த்தளத்துலயே வச்சேன்.

இந்தத் தொட்டிக்கு உப்பு எவ்வளவு நல்லதா வாங்குனாலும் அதைக் கலக்குற தண்ணி சுத்தமில்லைன்னா எல்லாம் வீண். லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கணும். வெயில் காலத்துல ஃபேன் போட்டுக் குளிர வச்சா எங்க தொட்டியில நாளைக்கு 8 லிட்டர் ஆவியாகிப் போகுது. தண்ணிதான் போகும், உப்பு உள்ளேயே நிக்கும். அதனால தினமும் ஊத்துற தண்ணியில ஒண்ணுமே கரைஞ்சிருக்கக் கூடாது. கரைஞ்சிருந்தா அது நாளுக்கு நாள் தொட்டியில சேர்ந்துக்கிட்டே போகும். இதுக்குத்தான் தண்ணியை வடிகட்டுற ஆர்ஓ மெம்ப்ரேனுக்குப் (சவ்வு) பிறகு, மிச்சம் கரைஞ்சிருக்கிறதையும் பிடிச்சு எடுக்குற டிஐ ரெசின்னு ஒரு கட்டம் வைக்கிறது. கடைசியா வர்ற தண்ணியில டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கரைஞ்சிருக்குதுன்னு மீட்டர் காட்டுற எண்ணு, 0 இருக்கணும்.

கோயமுத்தூர்ல கடல்மீன் சாமான் விக்கிற ஒரு கடையிலதான் மெஷின் சொன்னேன். 26,500 ரூபா. எங்க போர் தண்ணி டிடிஎஸ் 1,780 இருக்குதுங்க, தாங்குமான்னு ரெண்டு தடவ கேட்டேன். "எந்தத் தண்ணினாலும் விடுங்ணா, ஜீரோதான் வரும்"னு சொன்னாப்ல. பில் கேட்டதுக்கு, ஜிஎஸ்டி சேரும், எதுக்குங்ணா வெட்டியான்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்துட்டாங்க. அங்கயே நான் நின்னுருக்கணும். ஆளு வந்து மாட்டுனாரு, டம்ளர்ல தண்ணி பிடிச்சாரு, அவரு மீட்டரையே உள்ள விட்டுக் காட்டுனாரு. 000. என்கிட்ட அப்ப சொந்தமா மீட்டர் கிடையாது.

அஞ்சு வாரம் மீன் விடாமத் தொட்டியை ஓட்டி, மீனுக்கு விஷமான அமோனியா இறங்குன பிறகு, பண்ணையில வளர்த்த கோமாளி மீன் ஒரு ஜோடி விட்டோம். அப்புறம் காளான் பவளம், பூ மாதிரி விரியுற ஜோவான்தஸ் பவளம், ரெண்டு இறால், பாசி மேயுற நத்தை பத்து. மணல் மேல பழுப்பா ஒரு படலம் வந்துச்சு. போன் பண்ணிக் கேட்டா, "புதுத் தொட்டின்னா வரத்தாங்ணா செய்யும்"னாங்க. அது பொய்யில்ல. தண்ணியில இருக்கிற சிலிகேட்டைத் தின்னு வர்ற பாசி அது, தீனி தீர்ந்தா ரெண்டு மூணு வாரத்துல தானாப் போயிரும். எங்களுக்குப் போகவே இல்ல. மேல மேல பச்சை முடிப்பாசி பிடிச்சு கல்லே தெரியாமப் போச்சு. ஜோவான்தஸ் மூடுனது மூடுனபடியே கிடந்துச்சு.

சித்திரையில ஒரு நாள் ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். நத்தை ஆறு மணல்ல மல்லாந்து கிடக்குது. ஓரத்துல இறால் வெள்ளையா ஒதுங்கியிருந்துச்சு. சட்டை கழட்டியிருக்கும்னு நெனச்சு இடுக்கியில எடுத்தா கனமா வந்துச்சு. ஓட்டுக்குள்ள உடம்பு இருந்துச்சு.

அதுக்கு மறுநாள்தான் சொந்தமா மீட்டர் ஒண்ணு வாங்குனேன். மெஷின்ல வந்த தண்ணி 142. கடைக்காரரைக் கூப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்தாரு, அவரு மீட்டரை விட்டாரு, மறுபடி 000. உங்க மீட்டர்தாங்ணா கோளாறுன்னாரு. எங்க பாப்பா எட்டாவது படிக்கிறா, பக்கத்துலயே நின்னுட்டு இருந்தவ, "அப்பா, அதுல சின்னதா ஹோல்டுன்னு எழுதியிருக்குது"ன்னா. நான் அந்த மீட்டரை வாங்கி போர் தண்ணி வாளிக்குள்ள விட்டேன். அப்பவும் 000. வெறும் காத்துல மீட்டரை ஆன் பண்ணா 000தான் காட்டும். அப்ப ஹோல்டு பட்டனை அமுக்கிட்டா அந்த எண்ணு அப்படியே நிக்கும், பிறகு எதுல முக்குனாலும் மாறாது. பேட்டரி வீக்குங்ணான்னு சொல்லிட்டு, புதன்கிழமை வந்து எல்லாம் மாத்தித் தர்றேன்னு போனவருதான். இன்னைக்கு வரைக்கும் போன் எடுக்கல.

142ங்கிறது சின்ன எண்ணாத் தெரியலாம். லிட்டருக்கு 142 மில்லிகிராம், நாளைக்கு 8 லிட்டர்னா ஒரு கிராமுக்கு மேல. மூணு மாசத்துல நூறு கிராம். மொதல்ல ரொப்புன 650 லிட்டர்ல வந்தது இன்னொரு தொண்ணூறு கிராம். நம்ம பக்கத்துப் போர் தண்ணியில இருக்கிற நைட்ரேட்டும் சிலிகேட்டும் அதுக்குள்ளதான் வருது.

எங்க வீட்டம்மாவோட தம்பி சாயப்பட்டறையில தண்ணி பிளான்ட் ஆபரேட்டர். 2011ல கோர்ட்டு உத்தரவுல பட்டறை எல்லாம் மூடுனதுக்கு அப்புறம், கழிவுத் தண்ணியை வெளிய விடாம ஆர்ஓ வச்சுத் திருப்பி எடுத்தாத்தான் இந்த ஊர்ல பட்டறை ஓட்ட முடியும். ஆர்ஓ பத்தி அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. வந்தவன் மெஷினைச் சுத்திப் பார்த்துட்டு, "மாமா, இது குடிக்கிற தண்ணி மெஷினுங்க"ன்னான். ருசிக்காக ஆர்ஓ தண்ணியோட கொஞ்சம் போர் தண்ணியைக் கலக்கி விடுற டிடிஎஸ் திருகு அதுல இருக்குது, பாதி திறந்தே இருந்துச்சு. அதை மூடுனோம், 88 ஆச்சு. டிஐன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்த வெள்ளைக் குடுவைக்கு முன்னால 88, பின்னால 88. ஒரு புள்ளி குறையல.

குடுவையை அறுத்துத் திறந்தோம். தேன் கலர்ல சின்னச் சின்ன மணி. அரை டம்ளர் தண்ணியில ரெண்டு ஸ்பூன் கல்லுப்பு நல்லாக் கரைச்சு, அதுல ஒரு கை மணியைப் போட்டுக் கலக்கி வச்சான். நிஜமான டிஐ ரெசின் ரெண்டு வகை கலந்தது. ஒண்ணு லேசு, உப்புத்தண்ணியில மேல வந்துரும். இன்னொண்ணு அடியில நிக்கும். எங்க டம்ளர்ல மொத்தமும் அடியிலயே கிடந்துச்சு. "சாப்ட்னர் ரெசினுங்க மாமா. எங்க பட்டறையில மூட்டை மூட்டையாக் கிடக்குது." அது சுண்ணாம்பை எடுத்துக்கிட்டு அதுக்குப் பதிலா சோடியத்தை விடும், அவ்வளவுதான். மொத்த டிடிஎஸ் இறங்கவே இறங்காது. தண்ணி வெளிய வர்ற குழாயும் பித்தளை. அதுல இருக்கிற தாமிரம் துளி கசிஞ்சாலும் இறாலுக்கும் நத்தைக்கும் விஷம், மீனு தாங்கிக்கும். எங்க கோமாளி மீன் ரெண்டும் பிழைச்சுக் கிடக்க, மத்தது செத்ததுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்.

வாங்குறதுக்கு முன்னால சொந்த மீட்டர் ஒண்ணு வாங்கிருங்க, சில நூறு ரூபாதான். முதல்ல உங்க போர் தண்ணியில விட்டு எண்ணு மாறுதான்னு பாருங்க, பிறகு மெஷின் தண்ணியில விடுங்க. மெம்ப்ரேனுக்கு அப்புறம், டிஐக்கு அப்புறம்னு ரெண்டு இடத்துலயும் அளக்கணும். டிஐ குடுவை கண்ணாடி மாதிரி உள்ள தெரியணும், தீர்ந்தா கலர் மாறுற ரெசினாக் கேளுங்க. முடிஞ்ச வரைக்கும் போர் தண்ணியை விடாதீங்க. நல்ல மெம்ப்ரேன் நூத்துக்கு 95 பங்கு தடுத்தாலும் 1,780ல மிச்சம் 90 நிக்கும், ரெசின் சீக்கிரமாத் தீரும். நான் இப்ப நல்ல தண்ணி வர்ற அன்னைக்குத் தனியா ஒரு டேங்க்ல பிடிச்சு வச்சு அதைத்தான் விடுறேன். அதுல குளோரின் இருக்கும், முன்னால கார்பன் ஃபில்டர் இருந்தாத்தான் மெம்ப்ரேன் பிழைக்கும். மெஷின் வெளிய தள்ளுற கழிவுத் தண்ணியும் இப்ப செடிக்கு ஆகுது. போர் விட்டப்ப அந்தத் தண்ணியை ஊத்தி எங்க கருவேப்பிலை நுனியெல்லாம் கருகிப்போச்சு.

இன்னொண்ணு. அதே கடையில ராமேஸ்வரத்துக் கடல் கல்லும் வெள்ளைப் பவளமும் இருக்குது, வேணுமான்னு கேட்டாங்க. நான் வாங்கல. மன்னார் வளைகுடாக் கல்பவளமெல்லாம் வனவிலங்குச் சட்டத்துல முதல் பட்டியல், புலிக்கு என்ன காப்போ அதே காப்பு. கடல் குதிரைக்கும் சட்டக் காப்பு இருக்குது. மாட்டுனா 3 வருசத்துல இருந்து 7 வருசம் வரைக்கும் ஜெயில். வித்தவரு போன் எடுக்க மாட்டாரு, வாங்குனவங்க வீட்லதான் பொருள் இருக்கும்.

புகாருக்கு 1915ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுல கூப்பிட்டேன். பில் இல்லைன்னாலும் ஜிபேயில பணம் போன விவரமும், "ஜீரோ டிடிஎஸ் கியாரண்டி"ன்னு அவரு வாட்ஸ்அப்ல போட்ட மெசேஜும் இருக்குது. அடுத்து நுகர்வோர் ஆணையத்துல போடப் போறேன். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, ரெண்டு வருசத்துக்குள்ள போட்டாப் போதும். அறுத்த குடுவையும் அந்த ரெசினும் ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு மூடி வச்சிருக்கேன். அதே கடையில மெஷின் வாங்குனவங்க யாராச்சும் இருந்தா எனக்கு எழுதுங்க, ஒட்டுக்காச் சேர்ந்து போடலாம். இன்னைக்குக் காலையில புது மெஷின் தண்ணி மெம்ப்ரேனுக்குப் பின்னால 7, டிஐக்குப் பின்னால 0. என் மீட்டர்ல.