பீஃப்ஸ்டேக் தக்காளி: 3 சீசன் வளர்த்துப் பாத்த அனுபவம்

பீஃப்ஸ்டேக் தக்காளி, அதாவது பெருசா சதைப்பத்தா பழம் வர்ற வகை, வைக்கலாமான்னு யாராவது கேட்டா நான் சொல்றது ஒண்ணுதான், 2 செடி போதும். முதல் சீசன்ல நான் 8 வச்சேன். நாத்தா இருக்கும்போது எல்லாம் சமத்தா இருந்துச்சு, ரெண்டு மாசத்துல ஆளுயரத்த தாண்டி ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சு, உள்ள கைய விட்டா காய் எது கிளை எதுன்னே தெரியாத காடு ஆயிடுச்சு. இது ஒரு உயரத்தோட நிக்கிற செடி கிடையாது, குளிரோ நோயோ வந்து முடிக்கிற வரைக்கும் ஏறிட்டே இருக்கும். பக்கக் கிளைய வாராவாரம் கிள்ளணும், குச்சி கைக்கட்டை விரல் தடிமன்ல இருந்தா பத்தாது, காய் கனத்துல செடியோட சேந்து படுத்துடும்.

முதல் பழம் கைல வந்த கதைய சொல்றேன். நல்லா கனமா, மேல பளபளன்னு இருந்துச்சு, ஆசையா திருப்பிப் பாத்தா அடிப்பக்கம் பழைய செருப்புத் தோல் மாதிரி கருப்பா அமுங்கிப் போயிருக்கு. கால்சியம் பத்தலன்னு சொன்னாங்க, முட்டை ஓட்ட நொறுக்கிப் போட்டேன், எப்சம் சால்ட்டும் போட்டேன். ரெண்டும் வேஸ்ட். முட்டை ஓடு மக்க மாசக்கணக்கா ஆகும், எப்சம் சால்ட்ல இருக்கிறது மெக்னீசியம், அது வேர்ல கால்சியத்தோட போட்டி போடும், அதனால இன்னும் மோசமாத்தான் ஆகும். பெரும்பாலும் மண்ணுல கால்சியம் இருக்கும், ஆனா அது தண்ணியோடதான் காய்க்குப் போகும். நான் ரெண்டு நாள் மறந்துட்டு மூணாவது நாள் குளம் கட்டுற மாதிரி ஊத்துற ஆளு, அதுவும் 20 லிட்டர் தொட்டில, அப்புறம் எங்க போய்ச் சேரும்?

ரெண்டாவது சீசன் 60 லிட்டர் பை, மேல காஞ்ச இலை மூடாக்கு, விரல ரெண்டு இஞ்ச் உள்ள விட்டுப் பாத்து காஞ்சிருந்தா மட்டும் தண்ணி. அடி அழுகல் அனேகமா நின்னுச்சு. இதுக்கு ஒரு பைசா உர செலவு இல்ல.

ஆனா அந்த வருஷம் வேற பிரச்சினை, பூவா பூத்துக் கொட்டுச்சு. பகல்ல 32 டிகிரிக்கு மேல, ராத்திரி 24க்கு மேல போனா மகரந்தம் வேலை செய்யாது, பூ உதிரும், நாம என்ன தெளிச்சாலும் பிரயோஜனம் இல்ல. நடற நேரத்த மாத்துறதுதான் வழி. மத்தபடி ஆணும் பெண்ணும் ஒரே பூவுலதான் இருக்கு, அதிர்வு குடுத்தா போதும். பழைய எலக்ட்ரிக் டூத்பிரஷ பூக்காம்புக்குப் பின்னாடி வச்சா மஞ்சளா தூசி விழும் பாருங்க, அத பாக்கவே தினமும் காலைல போவேன்.

சில நேரம் முதல் கொத்துல ரெண்டு மூணு பூ ஒட்டிப்போய் தடியா ஒரு பூ வரும். அத விட்டா காய் கோணல் மாணலா, மடிப்பு மடிப்பா, தழும்போட வரும். நான் கிள்ளிடறேன், ஆனா சைஸ் ரெக்கார்டு வேணும்னா அதத்தான் விடணும்.

நாத்து நட்டு பழம் வர 80, 90 நாள் ஆகும், பொறுமை இல்லாதவங்க செர்ரி தக்காளி பக்கம் போயிடுங்க. மழை வர்ற மாதிரி இருந்தா, அடில லேசா சிவப்பு தட்டின உடனே பறிச்சு வீட்டுக்குள்ள பழுக்க வச்சுடுவேன், இல்லன்னா காய்ஞ்ச செடி ஒரேயடியா தண்ணி குடிச்சு தோல் வெடிக்கும். ருசி அப்படி ஒண்ணும் குறையல. ஃப்ரிட்ஜ்ல வச்சாதான் குறையுது.

ரகம்னு பாத்தா, பிக் பீஃப் ஹைப்ரிட், நோய் தாங்கும், கைவிடாது, ஆனா அதோட விதைய எடுத்துப் போட்டா அதே மாதிரி வராது. பிராண்டிவைன் லேட்டா வரும், காய் கம்மி, ஆனா ருசில பிக் பீஃப் அது கிட்ட கூட நிக்காது. மூணாவது சீசன் ஒவ்வொண்ணும் 1 வச்சேன், பெரிய பழம் 610 கிராம், சதை நிறைய, விதை கொஞ்சம். பேர் எழுதி வச்ச சீட்டு மழைல அழிஞ்சுடுச்சு. நல்லவேளை பிராண்டிவைன் இலை உருளைக்கிழங்கு இலை மாதிரி ஓரத்துல பல்லு இல்லாம இருக்கும், தடவிப் பாத்தே கண்டுபிடிச்சுட்டேன், விதையும் அதுலதான் எடுத்து வச்சிருக்கேன்.