விசா கட்டணத்தை ஒரே தொகையாகச் சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா, சயான், தாராவி பக்கத்திலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குக் கிளம்பும் நம் குடும்பங்கள் இதைப் படித்துவிட்டு ஏஜென்டிடம் போங்கள். வியட்நாம் போவதற்காக எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு விசா எடுத்தோம். நான், மனைவி, மகள், மாமனார், மாமியார். ஏஜென்ட் வாங்கிய தொகை 44,250 ரூபாய். அந்த நாட்டு அரசு வாங்கும் தொகை ஆளுக்கு 25 டாலர், ஐந்து பேருக்கும் சேர்த்து ஏறத்தாழ 11,000 ரூபாய்.

அந்த ஏஜென்ட் திருநெல்வேலிக்காரர். செம்பூரில் கடை வைத்திருக்கிறார். தெரிந்தவர்கள் பலர் அவரிடம்தான் டிக்கெட் எடுப்பார்கள். ஆளுக்கு 7,500 என்றார். ஏன் இவ்வளவு என்று என் மாமனார் கேட்டபோது அவர் சொன்ன பதில் இதுதான்: "இது எம்பசி ஃபீஸ் அண்ணாச்சி. அப்படியே அவங்களுக்குக் கட்டுறது. இதுல எனக்கு ஒண்ணும் நிக்காது." அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி என்று 6,750 சேர்த்தார்.

எங்களுக்கு எடுத்தது இ-விசா, அதாவது இணையம் வழியாக வாங்கும் விசா. அது எம்பசி வழியாகவே போவதில்லை. வியட்நாம் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பிப்பது. 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தங்க இ-விசா தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், ஒரு போட்டோ, தங்கும் முகவரி, பணம் கட்ட ஒரு கார்டு, அவ்வளவுதான் தேவை. சாதாரணமாக மூன்று வேலை நாளில் முடிவு சொல்வார்கள். விடுமுறைக் காலத்தில் கொஞ்சம் இழுக்கும்.

ஏஜென்ட் தன் உழைப்புக்குக் காசு வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. ஃபார்ம் நிரப்பத் தெரியாதவர்கள், நேரமில்லாதவர்கள் எத்தனையோ பேர். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் என் சர்வீஸ் சார்ஜ் என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்போம். தன் லாபத்தை வேறொரு நாட்டு அரசின் கட்டணம் என்று சொன்னாரே, அதுதான் ஏமாற்று. அரசுக் கட்டணம் என்றதும் நாம் பேரம் பேச மாட்டோம், ரசீதும் கேட்க மாட்டோம். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

விஷயம் வெளியே வந்ததே மாமியாரின் பெயரால்தான். அவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. அவர் பெயரும் மாமனார் பெயரும் சேர்ந்து ஒரே வரியில் இருக்கும். நம்மில் பலருக்கும் இப்படித்தான். ஏஜென்ட் மாமனார் பெயரை விட்டுவிட்டு வெறும் இனிஷியல் போட்டுவிட்டார். வந்த விசாவில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் வேறு வேறு. இப்படி இருந்தால் அந்த ஊருக்குப் போய் இறங்குவது இருக்கட்டும், மும்பை ஏர்போர்ட் கவுண்டரிலேயே போர்டிங் பாஸ் தராமல் நிறுத்திவிடலாம்.

போன் செய்தால், தப்பு எம்பசியில் நடந்தது, திருத்த அவசரக் கட்டணம் 9,000 ஆகும் என்றார். விண்ணப்ப எண்ணைக் கேட்டேன். அதெல்லாம் கஸ்டமருக்குக் கொடுப்பதில்லையாம். அந்த எண், விண்ணப்பத்தில் கொடுத்த இமெயில், பிறந்த தேதி மூன்றும் இருந்தால் யார் வேண்டுமானாலும் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து பேருக்கும் அவர் தன்னுடைய இமெயிலைப் போட்டிருந்தார். நாம் உள்ளே போய்ப் பார்க்கவே முடியாதபடி கதவைச் சாத்திவிட்டார். அதனால் நானே அந்தத் தளத்தைத் திறந்தேன். 25 டாலர் என்று அங்கே பளிச்சென்று போட்டிருந்தது. மாமியாருக்குப் புதிதாக விண்ணப்பித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுத்துக்கு எழுத்து ஏற்றினேன். பயணத்துக்கு முன்பே விசா வந்துவிட்டது. அதுவரை அவர் சரியாகத் தூங்கவில்லை. "நான் வீட்டுலயே இருந்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பணத்தைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

பெயர் விஷயத்தை நம் ஆட்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் வர முடியாது என்று அறிவித்தபோது நிறையத் தமிழர்கள் தவித்தார்கள். ஏஜென்ட் நிரப்பிய ஃபார்மை அனுப்புவதற்கு முன் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வேலையே வேண்டாம்.

இதை அக்கம்பக்கத்தில் சொன்னதும் இன்னும் சில கதைகள் வந்தன. ஒரு குடும்பத்துக்கு இதே ஆள் இ-விசாவுக்குப் பதிலாக ஒரு அனுமதிக் கடிதம் மட்டும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டு அங்கே இறங்கியதும் முத்திரைக் கட்டணம் என்று ஆளுக்கு 25 டாலர் தனியாகக் கொடுக்க வேண்டும். கையில் டாலர் இல்லாமல் அவர்கள் ஏர்போர்ட்டில் அலைந்திருக்கிறார்கள். பாங்காக் போன இன்னொருவரிடம் 'அரைவல் கார்டு', அதாவது அந்த நாட்டுக்குள் நுழையும்போது நம் விவரங்களைத் தரும் படிவம், என்று 1,500 வாங்கியிருக்கிறார். தாய்லாந்து 2025 மே 1 முதல் கேட்கும் அந்த டிஜிட்டல் கார்டு முழுக்க இலவசம். சிங்கப்பூர், மலேசியா நாடுகளின் அரைவல் கார்டுகளும் இலவசம்தான். கூகுளில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் பணம் பிடுங்கும் விளம்பரத் தளங்கள். முகவரியின் கடைசியைப் பாருங்கள்: வியட்நாம் என்றால் 'கவ் டாட் விஎன்', சிங்கப்பூர் என்றால் 'கவ் டாட் எஸ்ஜி', தாய்லாந்து என்றால் 'கோ டாட் டிஎச்' என்று முடிய வேண்டும்.

சிங்கப்பூர் விசா மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. நம்மவர்கள் அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாகத்தான் பெரும்பாலும் போடுகிறோம். அதில் அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அதற்கு மேல் எவ்வளவு சொன்னாலும் அது ஏஜென்டின் பங்கு. ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயதிலிருந்து 12 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ, அதற்கும் சின்னக் குழந்தைகளுக்குக் கட்டணமே கிடையாது. இதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி, 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு தனி. தனி லவுஞ்ச், எஸ்எம்எஸ் தகவல் என்று மையத்தில் கூடுதலாகக் கேட்கும் பணமெல்லாம் விருப்பம் இருந்தால் மட்டும்தான். அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களை நம்பாதீர்கள். அமெரிக்க சுற்றுலா விசா 2023 ஜூனில் 185 டாலர் ஆனது. விசா மறுக்கப்பட்டாலும் இந்தக் கட்டணங்கள் திரும்ப வராது. "கிடைக்கலைன்னா ஃபுல் ரீஃபண்ட்" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால், எந்தப் பணத்தை, யார் திருப்பித் தருவார் என்று எழுதி வாங்குங்கள்.

அப்புறம் அந்த ஜிஎஸ்டி. பில்லை எடுத்துப் பார்த்தால் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணே இல்லை. பதிவு செய்யாத கடை வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது, சட்டமே அப்படித்தான். பதிவு செய்தவராக இருந்தாலும், நமக்காகக் கட்டிய அரசுக் கட்டணத்தை உள்ளது உள்ளபடி தனியாகக் காட்டினால் அதற்கு வரி கிடையாது, அவருடைய சேவைக் கட்டணத்துக்கு மட்டும்தான். இதைச் சொன்னதும் குரல் மாறியது. "அண்ணாச்சி, நம்ம ஊர்க்காரங்களுக்குள்ள எதுக்கு இதெல்லாம்" என்றார். "தம்பி, நம்ம ஊர்க்காரர்னு நம்பித்தான் வந்தோம்" என்றேன். 6,750 ரூபாயை யுபிஐயில் திருப்பி அனுப்பினார். மீதியைப் பற்றி எத்தனை மெசேஜ் போட்டாலும் பதில் இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தேன். அதில் தீராததால், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதி வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பில், யுபிஐ ரசீது, அவர் "எம்பசி ஃபீஸ்" என்று எழுதிய வாட்ஸ்அப், அரசுத் தளத்தில் கட்டணம் காட்டும் பக்கம், மாமியாருக்கு வந்த இரண்டு விசாக்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

செம்பூர் பக்கம் இதே மாதிரி பில் வைத்திருப்பவர்கள் இருந்தால் எதையும் அழித்துவிடாதீர்கள். பணம் அனுப்பிய ரசீதையும் பேசிய மெசேஜையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில்தான் இருப்பேன். பெரியவர்கள் யாருக்காவது புகார் ஃபார்ம் நிரப்பத் தெரியவில்லை என்றால் கூட உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.