மட்டக்களப்பு ஸ்டூடியோக்களுக்கு 1 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க்

கல்லடியில் கலியாண வீடியோ எடுத்து மெக்கில் எடிட் செய்பவருக்கு, விண்டோஸுக்கான என்டிஎஃப்எஸ் போர்மட்டில் (கோப்புகளைச் சேமிக்கும் முறை) வரும் டிஸ்க் அப்படியே உதவாது. மெக் அதைத் திறந்து காட்டும், ஆனால் ஒரு கோப்பைக்கூட எழுத விடாது. இது டிஸ்க்கின் பழுதில்லை. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம்.

உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்தில் பிரதி எடுங்கள். பிறகு மெக்கிலுள்ள டிஸ்க் யூட்டிலிட்டி செயலியில் ‘ஷோ ஆல் டிவைசஸ்’ கொடுத்து, மேலே தெரியும் முழு டிஸ்க்கையும் தெரிவுசெய்து, போர்மட்டை எக்ஸ்ஃபாட் என்றும் ஸ்கீமை ஜியூஐடி பார்ட்டிஷன் மேப் என்றும் வைத்து அழியுங்கள். விண்டோஸ், மெக் இரண்டிலும் எழுதலாம்; லினக்ஸ் என்றால் அதன் மையப் பகுதியான கேர்னல் 5.4 அல்லது அதற்குப் பிந்தியது நல்லது. ஃபாட்32 என்ற பழைய போர்மட் வேண்டவே வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது.

எக்ஸ்ஃபாட்டில் ஜர்னலிங் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பாதுகாப்பு) இல்லை. கொப்பி ஓடும்போது கரண்ட் போனாலோ வயரை இழுத்தாலோ கோப்புகள் குழம்பலாம். எஜெக்ட் செய்தே கழற்றுங்கள்.